கருவிக்கு முன் பதிவேடு
உலோகம் தேடும் பொழுதுபோக்கைப் பற்றி ஓர் அபிப்பிராயம்

விடுமுறை நாட்களில் குழந்தைகளும் பெரியவர்களும் கூடிச் செய்யத்தக்க பொழுதுபோக்கு ஒன்று வேண்டும். அது திறந்த வெளியில் நிகழ வேண்டும். அதில் சிறிது விஞ்ஞானமும் கலந்திருக்க வேண்டும். இவ்வாறு விரும்பும் குடும்பங்களின் கவனம் அண்மைக் காலத்தில் ஒரு கருவியின்பால் திரும்பியுள்ளது. மெட்டல் டிடெக்டர் என்று எல்லோரும் வழங்கும், உலோகம் காட்டும் கருவியே அது. முன்னர் விமான நிலையங்களிலும் இராணுவத்தினர் கையிலும் மட்டுமே காணப்பட்ட இக்கருவி இன்று கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றது. நீண்ட தண்டின் நுனியில் ஒரு வட்டத் தட்டு. காதில் ஒரு கேட்பொறி. மண்ணின் மேல் மெல்ல வீசிக்கொண்டு நடந்தால், உள்ளே கிடக்கும் ஆணியோ நாணயமோ ஒலியாகத் தன்னை அறிவிக்கும். குழந்தைகளுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் விளையாட்டு வேறு என்ன இருக்க முடியும்?

இப்பொழுதுபோக்கை ஆதரிக்கலாமா, தடுக்கலாமா என்று கிராமங்களில் பணியாற்றும் கள ஊழியர்களும் பள்ளி ஆசிரியர்களும் கேட்கின்றனர். ஆதரிக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கருவி வாங்குவதற்கு முன் ஒரு பதிவேடு வாங்க வேண்டும். எந்தப் பொருள், எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணில் கிடைத்தது என்பதை எழுதி வைக்கும் பழக்கம் இல்லாத கையில் இக்கருவி சரித்திரத்தை அழிக்கும் ஆயுதமாகிவிடும். இதனை விளக்க, நான் வசிக்கும் கொல்கத்தா நகரத்தின் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

காளிகட்டில் கிடைத்த பொன்

1783-ஆம் ஆண்டில், இன்று கொல்கத்தாவின் தென்பகுதியில் அடங்கியுள்ள காளிகட்டில் ஒரு புதையல் வெளிப்பட்டது. அதில் 200-க்கு மேற்பட்ட பொற்காசுகள் இருந்தன. அவை அக்காலத்தில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸிடம் சேர்ந்தன. அவர் அவற்றை லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் டைரக்டர்களுக்கு அனுப்பினார். டைரக்டர்கள் சில காசுகளைப் பிரிட்டிஷ் மியூஸியம் முதலிய இடங்களுக்குப் பகிர்ந்தளித்தனர். எஞ்சியவற்றுள் பல, வெறும் பொன்னாகக் கருதப்பட்டு உருக்கப்பட்டன.

அக்காசுகள் குப்த வமிசத்துப் பிற்கால அரசர்களுடையவை என்பது பின்னரே தெரியவந்தது. 1783-இல் அவற்றின் மேலிருந்த எழுத்துக்களைப் படிக்க வல்லவர் கம்பெனியாரிடம் எவரும் இல்லை. மறு ஆண்டாகிய 1784-இல்தான் ஆசிய சங்கம் இந்நகரில் தோன்றியது. 1814-இல் அச்சங்கத்தின் முயற்சியால் இந்திய மியூஸியம் நிறுவப்பட்டது. நாணயச்சாலையில் உலோகங்களின் மாற்றைச் சோதிக்கும் உத்தியோகத்தில் இருந்த ஜேம்ஸ் பிரின்ஸெப் 1837-இல் அசோகனுடைய பிராமி எழுத்தைப் படித்ததும் இதே நகரில்தான். குப்தர் காலத்து எழுத்துக்களும் அந்தப் பத்தாண்டுகளிலேயே விளங்கத் தொடங்கின. காசுகள் அரை நூற்றாண்டு பொறுத்திருந்தால், கண்டெடுத்த ஊரிலேயே அவற்றைப் படித்திருக்க முடியும்.

உருகிய பொன்னைக் குறித்து எல்லோரும் வருந்துவர். நான் வருந்துவது வேறொன்றுக்காக. அப்பொன்னைக் கொண்டிருந்த கலம் எவ்வாறு இருந்தது? அது எவ்வளவு ஆழத்தில் கிடந்தது? அருகில் செங்கற்சுவர் இருந்ததா, அன்றி வெறும் ஆற்று வண்டலா? குப்தர் காலத்தில் அவ்விடத்தில் மக்கள் குடியிருந்தனரா, அன்றி வழிப்போக்கன் ஒருவன் அவசரத்தில் புதைத்துச் சென்றானா? இவற்றுக்கு விடை கூறக்கூடியவை மண்ணும் கலமுமே. தப்பிப் பிழைத்த காசுகளை இன்று மியூஸியங்களில் காணலாம். அவை கிடந்த இடம் கூறிய செய்தியை எங்கும் காண முடியாது.

கருவி எவ்வாறு வேலை செய்கிறது?

கருவியின் இயல்பை அறிந்தால் அதன் எல்லையும் விளங்கும். வட்டத் தட்டினுள் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று உள்ளது. வினாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் அதில் பாய்கிறது. அதனால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் தட்டின் கீழே மண்ணில் பரவுகிறது. அப்புலத்தில் ஓர் உலோகத் துண்டு அகப்பட்டால், அத்துண்டின் உடலில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை தமக்கென ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. இரண்டாவது சுருள் அதனை உணர்ந்து ஒலியாக மாற்றித் தருகிறது.

சுழல் மின்னோட்டத்தை வகுப்பில் காட்ட ஆசிரியருக்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. ஒரு செப்புக் குழாயும், அதனுள் தடையின்றி நுழையக்கூடிய வலிய காந்தத் துண்டு ஒன்றும் போதும். குழாயைச் செங்குத்தாகப் பிடித்துக் காந்தத்தை உள்ளே விட்டால், அது கல்லைப்போல் விழாமல், தேனில் இறங்குவதுபோல் மெதுவாக இறங்கும். செம்பைக் காந்தம் கவர்வதில்லை என்பதை மாணவர் முன்பே அறிவர். ஆகவே இக்காட்சி அவர்களை வியக்கச் செய்யும். குழாயின் சுவரில் எழுந்த மின்னோட்டமே காந்தத்தைத் தடுத்தது. மண்ணுக்குள் கிடக்கும் செப்புக் காசை நமக்குக் காட்டிக் கொடுப்பதும் அதே மின்னோட்டந்தான்.

இக்கருவியின் சரித்திரமும் ஒரு பாடம் ஆகும். 1879-இல் ஹியூஸ் என்பவர் இத்தத்துவத்தைக் கொண்ட மின் தராசு ஒன்றை வெளியிட்டார். 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டபோது, டெலிபோனுக்குப் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல், உடலிலுள்ள குண்டைக் கண்டறிய அத்தகைய கருவியைப் பயன்படுத்திப் பார்த்தார், பயன் விளையவில்லை. ஜனாதிபதி படுத்திருந்த மெத்தையின் எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பியமை அதற்கு ஒரு காரணம். கருவி பொய் சொல்லவில்லை. இரும்பு இருந்ததை இருப்பதாகவே கூறியது. எந்த இரும்பு என்று பகுத்தறிய வேண்டியது மனிதனுடைய வேலை. இரண்டாவது உலக யுத்தத்தில் போலந்து நாட்டுப் பொறியியலாளர் கொஸாட்ஸ்கி கண்ணிவெடிகளைத் தேட அமைத்த கருவி, 1942-இல் எல் அலமைன் போரில் பயன்பட்டது.

பொழுதுபோக்குக் கருவி ஒரு காசின் அளவுள்ள பொருளை ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் வரையில்தான் நன்கு காட்டும். தங்கத்துக்கு ஒரு தனிக்குரல் கிடையாது. பொன் மோதிரத்தின் ஒலியும் அலுமினியத் தகட்டின் ஒலியும் பெரும்பாலும் ஒன்றுபோலவே கேட்கும். ஆகவே, பல நூறு அடிக்கு அப்பால் புதைந்திருக்கும் பொன்னைக் காட்டுவதாகக் கூறி விற்கப்படும் யந்திரங்களை நம்ப வேண்டாம். வெடிகுண்டைத் தூரத்திலிருந்தே காட்டும் என்று கூறி, உள்ளே வேலை செய்யும் உறுப்பு எதுவும் இல்லாத கருவிகளைப் பல நாடுகளுக்கு விற்ற ஒருவருக்கு, இங்கிலாந்தில் 2013-இல் பத்து ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அரசாங்கங்களே ஏமாந்தன எனின், புதையற் கதைகளைக் கேட்டு வளர்ந்த கிராமவாசி ஏமாறுவதில் வியப்பில்லை. அவனை எச்சரிப்பது கள ஊழியர்களின் கடமை.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பிழை

நாங்கள் இந்நகரின் தென்பகுதியில் ஒரு பழைய வீட்டில் குடியிருக்கிறோம். பின்புறம் சிறிய கொல்லை உண்டு. வீட்டுக்காரப் பெரியவரின் அனுமதியுடன் அங்கே தேடத் தொடங்கினோம். முதல் மாதம் முழுவதும் கிடைத்தவை ஆணிகள், சோடாப் புட்டி மூடிகள், ஒரு சாவி, குடைக் கம்பி ஆகியவை. பின்பு ஒரு நாள் ஆறு பக்கங்கள் கொண்ட மூன்று பைசா அலுமினியக் காசு அகப்பட்டது. அதனைக் கண்டு பெரியவர் தம் இளமைக் காலத்து விலைவாசிகளை ஒரு மணி நேரம் கூறினார். குழந்தைகள் வாய் திறவாமல் கேட்டனர்.

அடுத்த வாரம் ஓர் ஓட்டைக் காலணா கிடைத்தது. யுத்த காலத்தில் 1943 முதல் வெளிவந்த, நடுவில் துளையுள்ள காசு அது. என் மகன் குதித்துக்கொண்டு ஓடி வந்து அதைக் கையில் கொடுத்தான். அப்போது பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கொல்லையில் ஒரு முழ ஆழத்தில் செங்கல் பாவிய தளம் ஒன்று இருக்கிறது. என் தகப்பனார் போட்டதா, அவருக்கு முன்பே இருந்ததா என்று எனக்குத் தெரியாது. காசு செங்கல்லுக்கு மேலே கிடந்ததா, கீழே கிடந்ததா?"

எங்களால் விடை கூற முடியவில்லை. அன்று காலையில் ஐந்து குழிகள் தோண்டியிருந்தோம். சில இடங்களில் செங்கற்களையும் பெயர்த்திருந்தோம். எல்லாவற்றையும் மூடியும் விட்டோம். கலையாத தளத்தின் கீழே காசு கிடந்திருந்தால், அத்தளம் 1943-க்குப் பிற்பட்டது என்பது உறுதி. மேலே கிடந்திருந்தால் அத்தகைய முடிவு எதற்கும் இடமில்லை. ஓர் அங்குல வேறுபாட்டில் ஒரு வீட்டின் சரித்திரம் அடங்கியிருந்தது. அதை நாங்கள் ஐந்து நிமிஷத்தில் இழந்துவிட்டோம். அன்று மாலையே ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்கினோம். காளிகட் புதையலுக்கு நேர்ந்ததும் இதே இழப்புத்தான் என்பதை அன்றுதான் நான் நன்கு உணர்ந்தேன்.

குடும்பம் தொடங்க வேண்டிய முறை

முதலில் மண்ணைத் தோண்டவே வேண்டாம். ஓர் அகன்ற மரப்பெட்டியில் மணல் நிரப்பி, பெரியவர் ஒருவர் அதில் பத்துப் பொருள்களை வெவ்வேறு ஆழத்தில் புதைத்து, அவற்றின் இடங்களைத் தனித்தாளில் குறித்து வைக்கட்டும். குழந்தைகள் கருவியால் தேடி, ஒலியைக் கேட்டு, தோண்டுமுன்பே "இது இரும்பு, இது செம்பு" என்று ஊகித்து எழுதட்டும். பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஊகம் தவறும்போதுதான் பாடம் தொடங்குகிறது.

இப்பயிற்சியில் ஒரு வேடிக்கையைக் காணலாம். இன்று புழங்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தம் கவரும் எஃகினால் ஆனவை. கங்கைக் கரையில் சிறுவர்கள் கயிற்றில் காந்தத்தைக் கட்டி நீரில் எறிந்து, யாத்திரிகர்கள் இட்ட காசுகளை எடுப்பது இதனால்தான். ஆணிகளின் தொல்லை வேண்டாம் என்று கருவியை "இரும்பை விலக்கு" என்ற நிலையில் வைத்தால், இந்த ரூபாய்களையும் அது விலக்கிவிடக்கூடும். ஆனால் பழைய செப்புக் காசுக்குக் குரல் கொடுக்கும். கருவியில் நாம் வைக்கும் நிலையே நாம் எதைக் காண்போம் என்பதைத் தீர்மானிக்கிறது. விஞ்ஞானத்தின் ஒவ்வொரு கருவிக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, சொந்த நிலத்தில், அல்லது உரிமையாளர் அனுமதித்த நிலத்தில், அண்மைக் காலத்தில் கலைந்த மேல்மண்ணில் மட்டும் தேடுக. நான்கு முளைகளை அடித்துக் கயிறு கட்டி, நிலத்தை ஒரு மீட்டர்ச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்க வேண்டும். ஒருவர் கருவியை வீசுக. ஒருவர் சிறு கரண்டியால் தோண்டுக. ஒருவர் அளவுகோலும் நோட்டும் கையில் வைத்திருக்க. எழுதுகிறவர் "ஆயிற்று" என்று கூறும்வரை பொருளைக் குழியிலிருந்து எடுக்கலாகாது. கைபேசியால் ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளலாம். வாரந்தோறும் வேலைகளை மாற்றிக்கொள்வது நல்லது. எழுதும் வேலை எப்போதும் பெண் குழந்தைக்கே, தோண்டும் வேலை எப்போதும் ஆண் குழந்தைக்கே என்று வைக்க வேண்டாம். வேலை முடிந்ததும் குழியை மூடி, புல்லை முன்போலவே பதிக்க வேண்டும். துருப்பிடித்த இரும்பைக் கையாளுவதால் கையுறையும், உரிய காலத்தில் போட்ட ஜன்னித் தடுப்பூசியும் அவசியம்.

கடற்கரையில் உலர்ந்த மணல் பழகுவதற்கு ஏற்றது. உள்ளூர் அதிகாரிகள் தடுத்துள்ள இடமன்று என்பதை மட்டும் முன்னதாகக் கேட்டு அறிய வேண்டும். கொல்கத்தாவாசிகள் திகாவுக்குச் செல்லும்போதும், சென்னைவாசிகள் தம் கடற்கரையிலும் ஒன்றைக் கவனிக்கலாம். அலை நனைத்த மணலுக்கு அருகே கருவி காரணமின்றிக் கூச்சலிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதே காரணம். தென்கோடியில் உள்ள கருமணலும், செம்மண் நிலங்களில் உள்ள இரும்புச் சத்தும் இவ்வாறே கருவியைக் குழப்பும். மண்ணின் இயல்பைப் பற்றிப் பேச ஆசிரியருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது.

செல்லக் கூடாத இடங்கள்

கொல்கத்தாவில் திறந்த வெளி என்றால் எல்லோருக்கும் மைதானமே நினைவுக்கு வரும். அது இராணுவத்தின் பொறுப்பில் உள்ளது. அங்கே அனுமதியின்றித் தோண்டலாகாது. ஹூக்ளியின் படித்துறைகளில் சேறு ஆழமானது. கடல் ஏற்றத்தின்போது நீர் சுவர்போல் எழுந்து வருவதும் உண்டு. நகரத் தெருக்களின் கீழே மின்கம்பிகளும் குழாய்களும் செல்கின்றன.

வெடிபொருள்களின் அபாயம் இவை எல்லாவற்றினும் பெரிது. 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் இந்நகரின் மீது குண்டு வீசின. யுத்த காலத்தில் சுற்றுப்புறமெங்கும் விமானத் தளங்களும் கிடங்குகளும் இருந்தன. 2018 டிசம்பரில்கூட, நேதாஜி சுபாஷ் துறைமுகத்தில் சேறு வாரும்போது அக்காலத்து விமானக் குண்டு ஒன்று வெளிப்பட்டது. உருண்டையாகவோ நீளமாகவோ கனத்த இரும்பு தென்பட்டால், தொடாமல் விலகிப் போலீசாருக்கு அறிவிப்பதே செய்யத்தக்கது. இதனைக் குழந்தைகளுக்கு முதல் நாளே கற்பிக்க வேண்டும்.

சட்டம் கூறுவது

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையற் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் காண்பவர், அதன் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை எழுத்து மூலம் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பொருளை அரசாங்கக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். அல்லது உரிய ஜாமீன் அளிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். 1958-ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாக்கப்பட்ட புராதன இடங்களில் அனுமதியின்றி அகழ்வதைத் தடுக்கிறது. 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத வயதுள்ள காசும் சிற்பமும் தொல்பொருள்கள் ஆகும். உரிமம் இன்றி அவற்றை வியாபாரம் செய்யலாகாது.

1878-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு குறை உண்டு என்பதைத் தாழ்மையுடன் கூற விரும்புகிறேன். அரசாங்கம் புதையலை எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்கும் என்று அச்சட்டம் கூறுகிறது. பொன்னை எடைபோடும் கண்ணோட்டம் அது. மண் அடுக்கைக் கலைக்காமல் நிறுத்திச் செய்தி அனுப்பியவனுக்கு அதில் தனிப்பட்ட கௌரவம் எதுவும் இல்லை. உடைந்த மட்பாண்டத்தையும் துருவேறிய கத்தியையும் காண்பவன் எவரிடம் கூறுவது என்றும் அது வழிகாட்டவில்லை.

இரண்டு உதாரணங்கள்

இங்கிலாந்தில் ஸபக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்ற ஊரில், 1992 நவம்பரில் எரிக் லாஸ் என்பவர், குடியானவ நண்பர் ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடக் கருவியுடன் சென்றார். அங்கே வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும் வெளிப்படத் தொடங்கின. சிறிது எடுத்ததும் அவர் தோண்டுவதை நிறுத்தி, அதிகாரிகளுக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து முறைப்படி அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 ரோமானியக் காசுகள் கிடைத்தன. அவர் நிறுத்தியதனால்தான், அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியின் அளவும், உள்ளே சிறு பெட்டிகளில் அடுக்கியிருந்த முறையும் தெரிய வந்தன. தேடிய சுத்தியலும் அகப்பட்டது. அதுவும் இன்று பிரிட்டிஷ் மியூஸியத்தில் உள்ளது. அந்நாட்டில் 1997-இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, பொதுமக்கள் காணும் சிறு பொருள்களையும் பதிவு செய்ய மாவட்டந்தோறும் அலுவலர்கள் உள்ளனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன.

இதற்கு மாறான உதாரணம் கொல்கத்தாவுக்கு வடகிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில், பேராசாம்பாவுக்கு அருகில் உள்ள சந்திரகேதுகர். கல்கத்தா பல்கலைக் கழகத்தின் அசுதோஷ் மியூஸியத்தார் 1956 முதல் சுமார் பத்தாண்டுகள் அங்கு அகழ்ந்து, மௌரியர் காலத்துக்கு முன்னிருந்தே மக்கள் வாழ்ந்த ஊர் அது எனக் காட்டினர். ஆனால் அவ்வூரின் புகழ்பெற்ற சுடுமண் உருவங்களுள் மிகப் பல, அகழ்வாராய்ச்சியில் கிடைத்தவை அல்ல. குளம் வெட்டும்போதும் மழை கரைக்கும்போதும் வெளிப்பட்டு, கைமாறி, வெளிநாட்டு மியூஸியங்கள் வரை சென்றவை அவை. அழகு குறையவில்லை, ஆயினும் எந்த வீட்டில், எந்தக் காலத்து மண்ணில் கிடந்தன என்பது எவருக்கும் தெரியாது. நம் தமிழ்நாட்டிலும், கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்து எடுத்த சங்க காலக் காசுகள் பெரும் மதிப்புடையவை. எனினும் மண் அடுக்கின் சாட்சியம் இல்லாமையால், அவற்றின் காலத்தை எழுத்தையும் சின்னத்தையும் கொண்டே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

தடை போதுமா?

இவ்வளவு அபாயம் இருக்குமாயின், கருவியையே தடை செய்துவிடலாமே என்று தொல்லியல் அறிஞர் சிலர் கூறுவர். அவர்களுடைய கவலை நியாயமானது. நம் நாட்டில் ஊர்கள் பழைய ஊர்களின் மீதே எழுந்துள்ளன. வயலுக்கும் தொன்மேட்டுக்கும் இடையே வேலி இல்லை. ஆங்கில நாட்டு ஏற்பாட்டை அப்படியே நகல் செய்ய முடியாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பழைய ஓடுகள் மேற்பரப்பில் சிதறியுள்ள நிலம் எதுவாயினும், அது பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்படாவிட்டாலும், அங்கே குடும்பங்கள் கருவியுடன் செல்லலாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் தடை மட்டும் போதாது. குளம் வெட்டும் மண்வெட்டியையும் வீடு கட்டும் யந்திரத்தையும் எவ்வாறு தடை செய்வது? மண்ணிலிருந்து பழம்பொருள் நாள்தோறும் வெளிப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் காணும் மனிதன் நின்று, எழுதி, அறிவிக்கக் கற்றவனா என்பதே கேள்வி. தன் வீட்டுக் கொல்லையில் மூன்று பைசாக் காசின் ஆழத்தை அளந்து பழகிய குழந்தை, நாளை கிணற்று மண்ணில் ஒரு கறுப்பு–சிவப்புப் பானை ஓட்டைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதை அறிந்திருக்கும்.

1970-களில் மதுரைக்கு அருகே கீழடியில் பணியாற்றிய சரித்திர ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் மூலம் அறிந்த பழம்பொருள்களைப் பாதுகாத்துத் தொல்லியல் துறையினருக்குத் தெரிவித்தார். அவரிடம் கருவி எதுவும் இல்லை; சிரத்தை இருந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 2015-இல், இந்தியத் தொல்லியல் துறையின் அகழ்வாராய்ச்சி அங்கே தொடங்கியது. பின்னர் உலகம் அறிந்தது அவ்வூரின் பெயர்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் கள ஊழியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு கண்டெடுப்புப் பதிவேடு இருக்கட்டும். நாள், இடம், ஆழம், மண்ணின் நிறம், உடனிருந்த பொருள்கள், கண்டவர் பெயர் ஆகிய ஆறு பத்திகள் போதும். மாவட்ட மியூஸியத்தின் முகவரி அதன் முதற்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கட்டும். அரசாங்கமும் மாவட்டந்தோறும் இப்பதிவேடுகளைப் பார்வையிட்டு விடையளிக்க ஓர் அலுவலரை நியமிப்பது நலம். விடை வராத இடத்துக்கு மக்கள் இரண்டாம் முறை எழுதமாட்டார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கருவி வாங்க எண்ணியிருந்தால், வாங்கும் நாளை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். அந்த மாதத்தில் குழந்தைகளுடன் மணற்பெட்டியை அமைத்து, எழுதப் பழகுங்கள். எங்கள் ஓட்டைக் காலணா இன்று என் மேசை மேல் இருக்கிறது. அதனை எந்தக் குழியிலிருந்து எடுத்தோம் என்று நோட்டில் குறிக்க விட்ட இடம் மட்டும் காலியாகவே உள்ளது.